பேட்டரி நிறைந்த பிறகும் வெயில் இருக்கிறது: வீட்டுச் சோலாரின் உபரி மின்சாரம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீடு திண்டுக்கல் மாவட்டத்தில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கிறது. கூரைமேல் 335 வாட் சோலார் பேனல்கள் ஆறு. உள்ளே 200 ஆம்பியர் மணி டியூபுலர் (ஈய அமில வகை) பேட்டரிகள் நான்கை வரிசையாக இணைத்து 48 வோல்ட் ஆக்கியிருக்கிறோம். இன்வெர்ட்டர் 5 கேவிஏ. மின்வாரிய இணைப்பும் உண்டு; வெயில் போதாத மழைக்காலத்துக்கு அது. சோலார் வைத்திருக்கும் உறவினர்களும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் எங்கள் அமைப்பை வைத்துச் சொன்னவை. உங்களுடையது பாதி அளவு என்றால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி நிறைந்தபின் பேனலில் வரும் மின்சாரம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை; அது உற்பத்தியாவதே இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பேனல் மின்னோட்டத்தைத் தராது. பேட்டரி நிறைய நிறைய, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர், பேனலிடமிருந்து வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வரும்.

பங்குனியில் ஒரு நாள், காலையிலிருந்து கன்ட்ரோலர் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். 9 மணிக்கு பேட்டரிக்குள் 20 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. 10.40க்கு மின்னழுத்தம் 56.8 வோல்ட்டைத் தொட்டது. அதன்பின் வோல்ட் அங்கேயே நிற்க, ஆம்பியர் மட்டும் இறங்கியது: 14, 9, 6. பகல் 12.40க்கு 4 ஆம்பியர். சற்று நேரத்தில் திரையில் ‘ஃப்ளோட்’ (நிறைந்த பேட்டரியை அப்படியே நிறைந்தபடி வைத்திருக்கும் கட்டம்) என்று வந்தது, வோல்ட் 53.6க்கு இறங்கி நின்றது. வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். அந்த நேரத்தில் 1,500 வாட் வரை தரக்கூடிய பேனல்கள், ஃப்ரிட்ஜுக்கும் இரண்டு மின்விசிறிகளுக்குமாக 250 வாட் மட்டும் தந்துகொண்டிருந்தன. மாலை வரை கூட்டிப் பார்த்தேன். 3 யூனிட்டுக்கு மேல் எடுக்காமலே போயிருந்தது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம். பேட்டரியிலிருந்து எங்கள் வீடு ஓர் இரவு முழுக்க எடுப்பது 2 யூனிட்தான். அன்றிலிருந்து அந்த 3 யூனிட் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

எடுக்காமல் விட்டால் பேனல் கெட்டுவிடுமா?

கெடாது. வெயிலில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். காற்றாலையும் சிறு நீர்மின் பொறியும் அப்படியல்ல. சுமை இல்லாவிட்டால் அவை கட்டுக்கடங்காமல் வேகமாகச் சுழலும். அதனால் மிஞ்சும் மின்சாரத்தை எரித்துத் தீர்க்க ஒரு ஹீட்டர் கட்டாயம் வேண்டும். சோலாருக்கும் அது கட்டாயம் என்று சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள். நாம் உபரியைத் திருப்புவது பயன்படுத்திக்கொள்வதற்காக மட்டுமே.

அப்படியானால் எந்த வேலைக்கு முதலில் திருப்புவது?

தண்ணீருக்கு. நம் ஊர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மேல்நிலைத் தொட்டி என்பது தேயாத, காலாவதியாகாத பேட்டரி. இன்று நண்பகலில் ஏற்றிய தண்ணீர் நாளைக் காலையிலும் அதே உயரத்தில்தான் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். 200 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர, இயற்பியல்படி 165 வாட் மணி ஆற்றல் போதும். சிறிய நீர்மூழ்கி மோட்டார்கள் எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்ணீராக மாற்றுகின்றன. ஆகவே நடைமுறையில் அரை யூனிட் ஆகும். 2,000 லிட்டர் தொட்டி நிறைய ஒரு யூனிட். எங்கள் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 1,100 வாட் எடுக்கிறது. வீட்டுச் சுமை 250 வாட்டையும் சேர்த்தால் 1,350. பகல் ஒரு மணிக்கு பேனல்கள் தரும் 1,500க்குள் அது அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் காலை ஆறு மணிக்கு, பல் துலக்கும் நேரத்தில் மோட்டார் போடுவோம். அப்போது அந்த ஒரு யூனிட்டும் பேட்டரியின் வயிற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. மோட்டாரை ஏழு மணி நேரம் தள்ளிப்போட்டதுதான் நாங்கள் செய்த முதல் மாற்றம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

புறப்படும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதை உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெந்நீருக்குத் திருப்பலாமே? வெளிநாடுகளில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்?

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பல வீடுகளில் பெரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஆண்டு முழுக்க வெந்நீர் வேண்டும். அங்கே அது சரி. நம் சமவெளியில் உபரி குவிவது மாசியிலிருந்து வைகாசி வரை. அந்த மாதங்களில் மொட்டைமாடித் தொட்டியில் கை வைத்தாலே சுடுகிறது. வெந்நீர் வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கிறது. தேவையும் வரவும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருப்பவர்களுக்கும், வீட்டில் கைக்குழந்தையோ முதியவர்களோ இருப்பவர்களுக்கும் கதை வேறு. 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க 0.8 யூனிட் ஆகும்; 100 லிட்டருக்கு 3.1 யூனிட். வெப்பக் காப்புள்ள தொட்டியாக இருந்தால் பகலில் சூடாக்கிய நீர் இரவுக் குளியலுக்குத் தாராளமாக உதவும்.

என் கீசர் 2,000 வாட். அதை அப்படியே போட்டுவிடலாமா?

வேண்டாம். உபரி 1,200 வாட் இருக்கும்போது 2,000 வாட் சுமையைப் போட்டால் மீதி 800 வாட்டை பேட்டரிதான் தர வேண்டும். உபரியைச் சேமிக்கப் போய் இரவுக்கு வைத்திருந்ததையும் செலவழித்ததாகிவிடும். சுமை எப்போதும் உபரியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கீசரின் ஹீட்டர் கம்பியை 500 அல்லது 750 வாட் கம்பியாக மாற்றிக்கொள்ளுங்கள். 25 லிட்டர் சூடாக 750 வாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலும், 500 வாட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஆகட்டும், வெயிலுக்கு அவசரமில்லை. சூடு போதியதும் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும் அழுத்தம் விடுவிக்கும் வால்வையும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

பேட்டரி எப்போது நிறைந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்போதிலிருந்து திருப்பலாம்?

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஈய அமில பேட்டரி மூன்று கட்டங்களாக நிறைகிறது. முதல் கட்டத்தில் கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் விழுங்கும். உச்ச வோல்ட்டைத் தொட்டதும் உறிஞ்சும் கட்டம் தொடங்கும். வோல்ட் மாறாமல் நிற்க, ஆம்பியர் மெல்லக் குறையும். கடைசியாக ஃப்ளோட். உச்ச வோல்ட் வந்தவுடனே ‘நிறைந்துவிட்டது’ என்று நினைத்து மோட்டாரைப் போட்டால், உறிஞ்சும் கட்டம் அரைகுறையாக நின்றுபோகும். ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. மாதக்கணக்கில் நடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே வரும். இரண்டு மணி நேரப் பொறுமை இல்லாமல் பல ஆண்டு உழைக்கும் பேட்டரியைக் கெடுத்துக்கொள்வது மனத்துக்கு வேதனையான விஷயம். முதல் உரிமை பேட்டரிக்கே.

நான் பார்க்கும் அடையாளம் ஆம்பியர். உச்ச வோல்ட்டில் இருக்கும்போது மின்னோட்டம் பேட்டரியின் ஆம்பியர் மணி அளவில் 2 சதவீதத்துக்கு இறங்கினால் நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். 200 ஆம்பியர் மணிக்கு 4 ஆம்பியர், 150க்கு 3.

இன்னொன்று. 12 வோல்ட் பேட்டரிக்கு உறிஞ்சும் கட்டம் 14.4, ஃப்ளோட் 13.6 என்று சொல்வதெல்லாம் 25 டிகிரி வெப்பநிலைக்கு. 48 வோல்ட்டுக்கு அது 57.6, 54.4. பேட்டரி சூடாக இருந்தால் குறைவான வோல்ட்டே போதும். 48 வோல்ட் அமைப்பில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 வோல்ட் குறைக்க வேண்டும். எங்கள் பேட்டரி அறை அன்று 33 டிகிரி. 57.6க்குப் பதிலாக 56.8 வந்ததன் காரணம் அதுதான். பேட்டரியின் மீது ஒட்டும் வெப்பநிலை உணரி உங்கள் கன்ட்ரோலரோடு வந்திருந்தால், பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் பொருத்துங்கள்.

இதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தானாக நடக்க வழி உண்டா?

உண்டு. பல சார்ஜ் கன்ட்ரோலர்களிலும் இன்வெர்ட்டர்களிலும் கூடுதலாக ஒரு ரிலே (தானாகத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) முனையம் இருக்கும். ஃப்ளோட் கட்டத்துக்கு வந்ததும் அந்த ரிலே மூடும்படி அமைத்தால், அது ஒரு கான்டாக்டரை, அதாவது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சை, இயக்கும். கான்டாக்டர் மோட்டாரையோ ஹீட்டரையோ இயக்கும். சிறிய ரிலேயில் நேரடியாக மோட்டாரை மாட்டக் கூடாது.

ஃப்ளோட்டை அடையாளம் காணும் வசதி இல்லாமல் வோல்ட்டை மட்டும் பார்க்கும் ரிலே என்றால், உச்ச வோல்ட் ஒன்றரை இரண்டு மணி நேரம் நீடித்த பிறகே மூடும்படி தாமதம் வையுங்கள். திறக்கும் வோல்ட் தாழ்வாக இருக்கட்டும், எங்களுடையது 51. இடைவெளி குறைவாக வைத்தால், மேகம் கடக்கும்போதெல்லாம் ரிலே படபடவென்று திறந்து மூடும். மோட்டாருக்கு அதைவிடக் கேடு வேறில்லை. தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் மிதவைச் சுவிட்சையும், போர்வெல்லில் நீர் வற்றினால் நிறுத்தும் பாதுகாப்பையும் அதே இணைப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் நான் எல்லாரிடமும் முதலில் பரிந்துரைப்பது இதைவிட எளியது. அந்த ரிலேயில் ஒரு சிறு பச்சை விளக்கை மாட்டி அடுக்களைச் சுவரில் வைத்திருக்கிறோம். விளக்கு எரிந்தால் உபரி இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு ஆம்பியரும் வோல்ட்டும் தெரிய வேண்டியதில்லை. காலையில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் விளக்குக்காகக் காத்திருக்கும். பச்சை எரிந்ததும் கிரைண்டர் ஓடத் தொடங்கும். துணி துவைக்கும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் அப்படியே. கிரைண்டர் எடுப்பது சொற்பம், 150 வாட் அளவுதான். ஆனாலும் வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாகப் பகலுக்கு நகர்ந்ததில் மாலை நேரத்துச் சுமை இறங்கியது. இரவு பத்து மணிக்கு பேட்டரி வோல்ட் முன்பைவிட உயர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரத்தை நேரே ஹீட்டருக்குக் கொடுத்தால் இன்வெர்ட்டர் இழப்பு மிச்சமாகாதா?

ஹீட்டர் கம்பிக்கு டிசி, ஏசி என்ற வேறுபாடு இல்லை, எதிலும் சூடாகும். ஆபத்து சுவிட்சில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி அந்தப் பூஜ்யத்தில் தானாக அணையும். டிசி மின்னோட்டத்துக்குப் பூஜ்யமே இல்லை. சுவிட்ச் முனைகளுக்கிடையே பொறி தீச்சுடராக நீண்டு எரிந்துகொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வேலைக்கு வந்தவர் மூன்று பேனல்களை வரிசையாக இணைத்து, கீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் வழியாகவே டிசி கொடுத்துவிட்டார். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் குளியலறையில் எரிந்த பிளாஸ்டிக் வாடை. மின்சாரத்தைத் துண்டித்து மூடியைத் திறந்தேன். தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒட்டிய இடத்தில் மிளகளவு செம்புக் குமிழ். சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருகி நெளிந்திருந்தது. முனைகள் ஒட்டிவிட்டதால் சூட்டை நிறுத்த யாருமில்லை, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை யாராவது குழாயைத் திறந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உலுக்குகிறது.

டிசியில்தான் செய்வேன் என்றால் டிசிக்கென்றே மதிப்பிடப்பட்ட எம்சிபியும் (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கான்டாக்டரும் வேண்டும். தெர்மோஸ்டாட் அந்த கான்டாக்டரின் சுருளை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். ஹீட்டரின் முழு மின்னோட்டம் அதன் வழியே போகக் கூடாது. கம்பியின் அளவும் மாறும்: 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் கம்பி 48 வோல்ட்டில் 90 வாட்கூடத் தராது. இன்வெர்ட்டரில் பத்துப் பதினைந்து சதவீதம் போனால் போகட்டும் என்பதே என் முடிவு. எப்படியும் வீணாகவிருந்த மின்சாரம் அது.

என்னுடையது லித்தியம் பேட்டரி. இதே முறைதானா?

இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் வோல்ட், பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வோல்ட்டை வைத்து ரிலே அமைத்தால் ஏமாந்துபோவீர்கள். பேட்டரிக்குள்ளேயே இருந்து அதைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் காட்டும் சதவீதத்தைக் கொண்டு இயக்குங்கள். 95க்கு மேல் போனால் தொடங்கி 85க்குக் கீழே வந்தால் நிறுத்தும்படி வைக்கலாம். இந்த வகைக்கு ஒவ்வொரு நாளும் முழுதாக நிறைய வேண்டிய கட்டாயம் இல்லை. கோடை வெப்பத்தில் 100 சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே இங்கே சற்று முன்னதாகவே திருப்பிவிடலாம்.

இன்னும் நான்கு பேட்டரி வாங்கி எல்லாவற்றையும் சேமித்தால் என்ன?

மார்ச் மாதத்தைப் பார்த்து பேட்டரி வாங்கினால் நவம்பரில் வருந்துவீர்கள். அடைமழை நாட்களில் பேனல் தருவது இருக்கும் பேட்டரிக்கே போதாது. இரு மடங்கு பேட்டரிகளும் அரைகுறையாகக் கிடந்து சல்பேட் பிடிக்கும். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்ப்பதும் தவறு. பலவீனமானது வலுவானதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். இரவில் உண்மையாகவே மின்சாரம் பற்றாமல் போகிறது என்றால் மட்டும் இந்த யோசனை செய்யுங்கள்.

உபரியை மின்வாரியத்துக்கே கொடுத்துவிடலாமே?

மின் இணைப்பு உள்ள இடத்தில் அதுவே நல்ல வழி. மின்வாரியத்தின் அனுமதியும், இருவழி மீட்டரும், மின்வாரியக் கட்டமைப்போடு இணைய வடிவமைத்த இன்வெர்ட்டரும் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இத்தகைய கூரை அமைப்புக்கு மானியம் கிடைக்கிறது: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000. இந்த அனுமதி கிடைத்துவிட்டால் ஹீட்டரில் கொட்டுவதைவிட அங்கே ஏற்றுவதே மேல்.

சாதாரண பேட்டரி இன்வெர்ட்டரை யாரும் தம் விருப்பத்துக்கு மின்கம்பத்தின் பக்கம் இணைக்கவே கூடாது. மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போய்விடும். முறையான இன்வெர்ட்டர் மின்தடையின்போது தானே துண்டித்துக்கொள்ளும்.

லாபக் கணக்கையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். அதையொட்டியே செலவழிக்கும் சிறு குடும்பத்துக்குப் பணமாக மிஞ்சுவது குறைவு. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கோ, அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், உபரியில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம்.

தண்ணீரும் ஏற்றியாயிற்று, தொட்டியும் நிறைந்துவிட்டது. அப்புறம்?

குளிர்ச்சியைச் சேமியுங்கள். ஃப்ரீசரில் ஐந்தாறு பாட்டில்களில், கழுத்துவரை நிரப்பாமல், தண்ணீர் வைத்து பகலில் உறையவிடுகிறோம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 93 வாட் மணி வெப்பத்தை உறிஞ்சும். இரவில் ஃப்ரிட்ஜ் ஓடும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. மின் ஸ்கூட்டர் பகலில் வீட்டில் நிற்குமானால் அதற்கு இணையான சுமை வேறில்லை. ரைஸ் குக்கர் 700 வாட். மதியச் சமையலை அரை மணி நேரம் தள்ளி வைத்தாலே போதும். ஒரு டன் இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனம் வைத்திருப்பவர்கள், சித்திரை வெயிலில் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை பெரியவர்கள் படுத்திருக்கும் அறையைக் குளிர்விக்கலாம். என் பாட்டிக்காக நாங்கள் அதைச் செய்கிறோம். அந்த மூன்று மணி நேரம் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

மழைக்காலத்தில் இந்த ஏற்பாட்டை என்ன செய்வது?

ஐப்பசி பிறந்ததும் தானியங்கி ரிலேயைத் துண்டித்துவிடுகிறேன். பச்சை விளக்கு மட்டும் இணைப்பில் இருக்கும். சில வாரங்களில் அது ஒரு நாள்கூட எரியாது. அப்போது மோட்டார் மின்வாரிய இணைப்பில் ஓடும். தொடர்ந்து மூன்று நாள் மழை என்றால் பேட்டரியையும் அதே இணைப்பில் ஒருமுறை முழுதாக நிறைத்துவிடுவேன். கார்த்திகை முடிவில் பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்ப்பது, பேனல்மேல் படிந்த பாசியைத் துடைப்பது, முனைகளை இறுக்குவது ஆகிய வேலைகள். தை பிறந்து விளக்கு தொடர்ந்து நான்கைந்து நாள் நண்பகலில் எரிந்தால், ரிலேயை மீண்டும் இணைத்துவிட்டு மோட்டார் சத்தத்துக்காகக் காத்திருப்போம்.